எதிர்க்கடைப் பெஞ்சு

சேலை எடுக்கப் போவதற்கு எந்தச் சேலையை உடுத்துவது என்று தாணம்மாளுக்கு அன்று காலையில் ஒரே குழப்பம். பச்சைக் கரை போட்டதை உடுத்தாள், அவிழ்த்தாள். மாம்பழ நிறத்தை எடுத்தாள். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று திரும்ப மடித்தாள்.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு வரக்கூடாத குழப்பம்தான். தக்கலை சந்தை ரோட்டில் முத்துநாயகம் ஜவுளிக்கடை என்றால் களியக்காவிளை வரைக்கும் தெரியும். ஆனால் இன்று அவள் படியேறப் போவது புருஷன் கடையில் அல்ல. எதிர்க்கடையில்.

பங்குனியில் அந்த 'சந்திரோதயம் ஸ்டோர்ஸ்' திறந்ததிலிருந்தே வீட்டில் நிம்மதி போய்விட்டது. மதுரைக் கம்பெனியின் கிளை அது. திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் இருக்கிற அதே பச்சைப் போர்டு, அதே கண்ணாடி முகப்பு, துணியோரத்தில் குத்தி வைத்த அதே விலைச்சீட்டு. பேரம் கிடையாது. ஐப்பசியில் நம்முடைய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரப் போகின்றன, சேர்ந்துவிட்டால் வடக்கேயிருந்து இப்படி இன்னும் நாலு கம்பெனி வந்து இறங்கும் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

போதாததற்கு, அந்தக் கடைக்கு மானேஜராக வந்து உட்கார்ந்தவன் ஜான்ரோஸ். மீசை முளைக்கும் முன்பே முத்துநாயகத்திடம் வேலைக்குச் சேர்ந்து, தாணம்மாள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அவன் எதிர்ப்பக்கம் போனதிலிருந்து முத்துநாயகம் அந்தத் திசைக்கே முகம் கொடுப்பதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆரல்வாய்மொழியிலிருந்து சம்பந்தியம்மாள் சொர்ணம்மாள் ஆள் விட்டிருந்தாள். மகள் செல்லத்தாயின் முகூர்த்தச் சேலையைக் கம்பெனிக்கடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று. "சம்பந்தி கடையில எடுத்தா வெலை சொல்ல அவியளுக்கும் சங்கடம், குடுக்க எங்களுக்கும் சங்கடம்" என்று அவள் சொல்லி அனுப்பியதில் தப்புச் சொல்லவும் முடியவில்லை.

கடைக்குக் கிளம்பிய முத்துநாயகம் வாசலில் நின்று செருப்பை மாட்டினார்.

"செல்லத்தாய்க்குப் புடிச்சதா பாத்து எடுங்க. என் பேரை அங்கண எடுக்காண்டாம்."

"நீங்களும் ஒரு நடை வந்து நின்னா..."

"நானா?" அவர் சிரித்த மாதிரி இருந்தது. "நான் அந்தப் படியை மிதிச்சா, இந்த ஊர்ல அப்புறம் யாரு நம்ம படியை மிதிப்பான்? நீ போயிட்டு வா."

போய்விட்டார். தாணம்மாள் பச்சைக் கரைச் சேலையையே திரும்ப உடுத்தினாள்.

சொர்ணம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினாள். நெற்றியில் தீபம் போல் ஏறிய வெள்ளைத் திருநாமம், கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. வசதியான வீடு என்று பார்த்தால் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் அய்யாவழிக்காரர்கள் கூடி வழிபடும் நிழல்தாங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்துதான் அரிசி போகிறது, மாப்பிள்ளை பி.ஏ. படித்து சர்க்கார் வேலையில் இருக்கிறான் என்பதெல்லாம் தாணம்மாளுக்கு மனப்பாடம். அந்த அம்மாள் எதிரே எதிலும் குறை தெரியக்கூடாது என்பதே அவளுக்கு இந்த மாதம் முழுவதும் ஒரே கவலை.

செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு மூவரும் கம்பெனிக்கடையில் ஏறினார்கள். தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரோடு நீளமாக வார்னீஷ் அடித்த பெஞ்சு. வெள்ளைச் சட்டை போட்ட ஜான்ரோஸ் எழுந்து ஓடி வந்தான்.

"வாங்கக்கா. வா செல்லத்தாய்." குரலில் பழைய பாசம் அப்படியே இருந்தது. தாணம்மாள் பட்டும்படாமல் தலையாட்டினாள்.

அப்போதுதான் பெஞ்சின் அந்தக் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா! நீங்களும் இஞ்சதான் வந்தியளா?"

முத்துக்கனி. குளத்தங்கரைக் குடியிருப்புக்காரி. முத்துநாயகத்தின் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவள். வெளுத்த முண்டும் ரவிக்கையுமாக, மடியில் ஒரு சின்ன மூட்டையை வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

முத்துநாயகம் கடையில் அவள் இத்தனை வருஷமும் படிக்குக் கீழே நின்றுதான் துணி வாங்கியிருக்கிறாள். குடியிருப்பு ஆட்கள் எல்லாருக்கும் அந்தப் படிதான் எல்லை. அப்படி நிற்க வேண்டுமென்று யாரும் சொன்னதில்லை. மேலே வா என்றும் யாரும் சொன்னதில்லை.

"எம் மக ஞானத்துக்கு மிசன் ஆஸ்பத்திரியில நர்சு படிப்புக்கு எடம் கெடச்சிருக்கும்மா" என்றாள் முத்துக்கனி, முகமெல்லாம் மலர. "வெள்ளைச் சேலை கொண்டு வரணும்னு சொல்லியிருக்காவ. அதான் வந்தேன்."

நல்ல சேதிதான். வேறு நேரமாக இருந்தால் தாணம்மாளும் சந்தோஷப்பட்டிருப்பாள். ஆனால் அவள் காதில் விழுந்தது அந்த 'நீங்களும்' மட்டும்தான். ஜவுளிக்கடைக்காரர் பெண்டாட்டியும், படிக்குக் கீழே நிற்கிறவளும், ஒரே பெஞ்சில். அதுவும் சம்பந்தி பார்க்க. இவர்கள் வீட்டில் இப்படித்தான் புழக்கம் போலிருக்கிறது என்று சொர்ணம்மாள் நினைத்துவிட்டால்?

அவள் ஜான்ரோஸ் பக்கம் நகர்ந்து குனிந்தாள்.

"ஏலே, அவளை எழுப்பி வெளியே நிக்கச் சொல்லு. சம்பந்தி வந்திருக்காவல்லா."

மெதுவாகத்தான் சொன்னாள். கடை அதைவிட அமைதியாக இருந்தது.

ஜான்ரோஸ் முகம் சிவந்துவிட்டது. "அக்கா... இங்க அப்படி இல்லக்கா. வாறவிய எல்லாரும் பெஞ்சிலதான்."

"அது கம்பெனிக்கு. நான் சொல்லுகேன், நீ எழுப்பு."

"என்னால முடியாதுக்கா." அவன் குரல் கெஞ்சிற்று. "கோவிச்சுக்காதீங்க."

அதற்குள் முத்துக்கனி எழுந்துவிட்டாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "பரவால்ல பிள்ளே, நான் நின்னுக்கிடுகேன்" என்று ஜான்ரோஸிடம் சொன்னாள். கடைக்குள் நிற்கவும் இல்லை. நேரே போய்ப் படியிறங்கி, கடைசிப் படிக்கும் கீழே, வெயிலில் நின்றாள். காலுக்குப் பழகிய இடம் அது என்பதுபோல.

அவள் கத்தியிருந்தால்கூட தாணம்மாளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"பெஞ்சு நீளமாத்தானே கெடக்கு மைனி?" என்றாள் சொர்ணம்மாள்.

கோபமாகச் சொல்லவில்லை. புரியாததைக் கேட்கிற குரல். கேட்டுவிட்டு வாசலுக்குப் போனாள்.

"உள்ள வாம்மா. எம் பக்கத்துல வந்து இரி."

முத்துக்கனி கை கூப்பினாள். "இருக்கட்டும்மா. பிள்ளைக்குப் பொறவு வந்து எடுத்துக்கிடுகேன்." சந்தை ரோட்டில் இறங்கி நடந்தாள். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று தாணம்மாள் எதிர்பார்த்தாள். பார்க்கவில்லை.

சொர்ணம்மாள் வந்து உட்கார்ந்தாள். "நம்ம பொம்பளையள மேல்துணி போடாதேன்னு சொன்ன நாடு இது" என்றாள், யாரையும் பார்க்காமல். "அய்யா தலைநிமிந்து நடக்கச் சொன்னது நமக்கு மட்டுமா?" அதற்குமேல் அதைப்பற்றி அவள் பேசவில்லை. அவள் பேசாததுதான் தாணம்மாளை அழுத்திற்று.

சேலைகள் விரிந்தன. செல்லத்தாய் ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். அது என்ன நிறம் என்று கேட்டால் தாணம்மாளால் சொல்லியிருக்க முடியாது. யாருக்குப் பயந்து அதைச் செய்தாளோ அந்த அம்மாளே அவளை இப்படிப் பார்த்துவிட்டாள். இனி எந்தச் சேலை என்ன நிறமாயிருந்து என்ன?

சொர்ணம்மாள் பத்மநாபபுரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டாள். செல்லத்தாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள். தாணம்மாளுக்கு மகளோடு நடக்கத் தைரியமில்லை. ரோட்டைத் தாண்டிப் புருஷன் கடைக்குள் போனாள்.

கடையில் ஈ, காக்கை இல்லை. முத்துநாயகம் கஜக்கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எடுத்தாச்சா?"

"ம்."

"மொகம் ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அந்தப் பய ஏதாவது சொன்னானா?"

இல்லை என்று சொல்ல ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடியில் தாணம்மாள் பெஞ்சை நினைத்தாள், சம்பந்தியின் முகத்தை நினைத்தாள். இந்த அவமானத்தை யார் தலையிலாவது இறக்கி வைத்துவிட்டால் போதும் போலிருந்தது.

"சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"இது ஒங்க கடை இல்ல, ஒங்க அதிகாரம் இங்கண செல்லாதுன்னான். சம்பந்தி கேக்க."

முத்துநாயகம் கஜக்கோலைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஆறு மாதமாக முகம் கொடுக்காத திசையில் விறுவிறு என்று நடந்தார்.

"இஞ்ச பாருங்க... வேண்டாம்..." தாணம்மாள் பின்னாலேயே ஓடினாள். கடை வாசலோடு அவள் கால் நின்றுவிட்டது.

அவர் அந்தப் படியை மிதித்ததைச் சந்தை ரோடே பார்த்தது. ஜான்ரோஸ், "வாங்க அண்ணாச்சி" என்று சந்தோஷமாகத்தான் எழுந்தான். அவர் கோபம் தீர்ந்து வந்துவிட்டார் என்று நினைத்தான் போலிருக்கிறது, பாவம். சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தவர், படியில் வைத்து ஓங்கி அறைந்தார்.

"எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எம் பொண்டாட்டிய எதுத்துப் பேசுவியாலே?"

வாழைக்காய் விற்கிறவர்களும் வண்டிக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஜான்ரோஸ் கன்னத்தில் கை வைத்தபடி ஒன்றும் புரியாமல் நின்றான். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாணம்மாளைப் பார்த்தான்.

பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தில் அது தெரிந்தது. 'நடந்தது இதுதான் அண்ணாச்சி' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை பேர் முன்னால் அவள் மானம் காற்றில் பறந்துவிடும். தாணம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்காட்ட மரியாதைக் கொறவா பேசியிருந்தா மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று ஜான்ரோஸின் குரல் கேட்டது.

சாயங்காலம் அடுப்படியில் செல்லத்தாய் வந்து நின்றாள். எப்போதும் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துப் பேசுகிற பெண், எட்டி நின்றாள்.

"ஜான்ரோஸ் அண்ணன் ஒங்களை என்னம்மா சொன்னாரு? நானும் அங்கதானே இருந்தேன்?"

தாணம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"அப்பாட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லவா?"

"ஏட்டி, கல்யாணப் பொண்ணு நீ. இதிலெல்லாம் தலையிடாதே."

"அதனாலதாம்மா கேக்கேன். நாளைக்கு அந்த வீட்டுல போயி இருக்கப்போறது நான். அத்தை மொகத்தை நான் எப்படிப் பாப்பேன்?" செல்லத்தாய் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டாள். "முத்துக்கனி எந்திச்சப்போ நானும் பேசாமத்தாம்மா இருந்தேன். எனக்கும் வாய் வரல்ல. அதை நெனச்சா எனக்கே அருவருப்பா இருக்கு."

மகள் தன்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவள் தன்னையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டதும் தாணம்மாள் அடுப்பை விட்டு எழுந்தாள்.

புருஷனிடம் போக மனம் துணியவில்லை. அதைவிட எளிதான காரியம் ஒன்று இருந்தது. பீரோவைத் திறந்து, உடுத்தாமல் வைத்திருந்த வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். குளத்தங்கரைக்கு நடந்தாள்.

வயல் பக்கம் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். குடியிருப்புக்குள் கால் வைத்தது அன்றுதான். முத்துக்கனி முற்றத்தில் நெல் உலர்த்திய பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் பதறி எழுந்து, முண்டின் ஓரத்தால் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள்.

"இருங்கம்மா."

தாணம்மாளுக்கு அந்தப் பலகையில் உட்காரக் கூசிற்று. நின்றுகொண்டே பொட்டலத்தை நீட்டினாள்.

"ஞானத்துக்கு. எடுத்துக்கோ."

முத்துக்கனி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம்மா."

"கோவமா?"

"ஒங்க மேல நான் கோவப்பட்டு எங்கம்மா போக?" என்றாள் முத்துக்கனி. "பிள்ளைக்கு நான் எடுத்துக் குடுத்ததா இருக்கட்டும். அவ மொதல் மொதல் உடுத்துக்கிட்டுப் போற சேலை. மார்த்தாண்டத்துல போயி எடுத்துக்கிடுகேன்."

"தக்கலையில இல்லாத சேலையா?"

"சேலை உண்டும்மா." முத்துக்கனி பாயை எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.

தாணம்மாள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். நாலடி போனதும் பின்னாலிருந்து முத்துக்கனியின் குரல் வந்தது.

"மத்தியானம் ஜான்ரோசு வந்திருந்துதும்மா. நடந்ததுக்கு அது வந்து எங்கிட்ட வருத்தம் சொல்லுது. கன்னம் வீங்கிக் கெடக்கு. நாளைக்குக் காலத்தே நாகருகோயில்ல இருந்து பெரிய மானேசர் வாறாராம். கடையில அடிபிடின்னா ஆளை நிறுத்திருவாவளாம். அதுக்குப் பொண்டாட்டி வேற இப்போ மாசமா இருக்கு." என்றவள், ஓரடி முன்னால் வந்தாள். "அது ஒங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல்லம்மா. நானும் யாருட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க பயப்படாண்டாம்."

பயப்படாண்டாம்! தன்னை வெயிலில் நிறுத்தியவளுக்கு அவள் ஆறுதல் சொல்லி அனுப்புகிறாள். வரப்பு வழியே நடக்கும்போது தாணம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை. உடம்பெல்லாம் ஏதோ அழுக்கு ஒட்டியது போலிருந்தது.

அவள் கடைக்குள் நுழைந்தபோது சந்தை ரோட்டில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. முத்துநாயகம் யாரும் பிரித்துப் பார்க்காத துணிகளைத் தானே உதறி, தானே மடித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை அவள் யோசிக்க இடம் கொடுக்கவில்லை.

"ஜான்ரோஸ் என்னை ஒண்ணும் சொல்லல்ல" என்றாள். "நான் பொய் சொன்னேன். முத்துக்கனி பெஞ்சில இருந்தா. அவளை எழுப்பச் சொன்னேன். அவன் முடியாதுன்னான். அவ்வளவுதான் நடந்தது. அவனுக்கு வேலை போகப் போவுது. நீங்க வந்து அந்த மானேசர்ட்டச் சொல்லணும்."

முத்துநாயகம் மடித்துக்கொண்டிருந்த துணியின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தார். அடிப்பாரா, திட்டுவாரா என்று அவள் காத்திருந்தாள்.

"தெரியும்" என்றார்.

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னது?"

"எனக்குத் தெரியும் தாணம்மா. நான் அந்தப் பக்கம் பாக்கதே இல்லன்னுதானே நீயும் நெனச்சிருக்க? காலத்தே கடை தொறந்தா சாத்துற வரைக்கும் அங்கதான் பாத்துக்கிட்டு இருக்கேன். யாரு ஏறுகான், யாரு எறங்குகான்னு." அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கண்ணாடி போட்ட கடைல்லா. நீ குனிஞ்சு பேசினது, முத்துக்கனி எந்திச்சது, அந்த அம்மா வாசல்ல வந்து கூப்பிட்டது, எல்லாம் பாத்தேன்."

"பாத்துக்கிட்டா... பின்ன எதுக்கு அவனை அடிச்சிய?"

அவர் அந்தத் துணியை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"நம்ம படிக்குக் கீழ நின்னவிய எல்லாரும் இப்போ அங்கண ஏறி உக்காருகாவ. சாயங்காலமானா அவியளைத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன். ஒருத்தரையும் ஏறுன்னு நான் சொன்னதில்ல. அதை நெனச்சுப் பொருமிக்கிட்டு இருந்தேன், நீ வந்து அவன் பேரைச் சொன்ன. எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துது. நீ குடுத்த. அவ்வளவுதான்."

தாணம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பொய்யைத் தான் தனியாகவே சுமந்து வந்ததாக நினைத்திருந்தாள். அந்தப் பொய்க்குள் இவரும் இருந்திருக்கிறார்.

"நாளைக்கு வருவியளா?" என்று கேட்டாள்.

"வந்தா, ஊரு மொத்தமும் பாக்க நான் சொல்லணும். சம்பந்தி காதுக்கும் போவும். பாதி அந்த அம்மாவுக்குத் தெரியும், மீதியும் தெரிஞ்சிரும். ஐப்பசியில கல்யாணம்." துணியை அலமாரியில் வைத்தார். திரும்ப எடுத்தார். "எனக்குக் கவலை அது இல்ல இப்போ. வேற ஒண்ணு மனசைப் போட்டுக் கொடையுது."

"என்ன?"

"மன்னிச்சிருங்கன்னு சொன்னான்லா. அப்போ எங் கண்ணைப் பாத்துத்தான் சொன்னான். சின்னதுல இருந்து எங்கிட்ட வளந்த பய. எம் மொகத்தைப் பாத்தா அவனுக்கு எல்லாம் தெரியும்." அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுக்கிட்டேதான் நான் அடிக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

 இருவரும் எதிர்ப்பக்கம் பார்த்தார்கள்.

கம்பெனிக்கடையில் காற்றாடி நின்றது. ஒவ்வொரு விளக்காக அணைந்தது. ஜான்ரோஸ் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான். அவன் வீட்டுக்குப் போகிற வழி இடது கைப்பக்கம். அந்தப் பக்கம் அவன் திரும்பவில்லை. ஒரு மாட்டுவண்டி போகட்டும் என்று ஒதுங்கி நின்றான். வண்டி போனதும் ரோட்டில் இறங்கி, நேரே இவர்கள் கடையைப் பார்த்து நடந்து வந்தான்.